சின்னம் இல்லாத தேர்தலில் யாருக்கு ஓட்டு?

வாக்குச்சீட்டை உறையிலிருந்து எடுத்துச் சாப்பாட்டு மேசையில் விரித்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி, “சின்னம் எங்கம்மா?”

அத்தை விருதுநகர் மாவட்டத்தில் அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் தேர்தல் என்றாலே வாத்தியார்களுக்குத்தான் பூத் டியூட்டி. எத்தனையோ பேருடைய இடது ஆள்காட்டி விரலில் மை வைத்த கை அது. அவரைப் பொறுத்தவரை பெயருக்குப் பக்கத்தில் சின்னம் இருந்தால்தான் அது ஓட்டுச்சீட்டு. இங்கே, நியூஜெர்சியின் மிடில்செக்ஸ் கவுண்டியில், அவர் கையில் இருந்த சீட்டின் ஓர் ஓரத்தில் ஏழு பெயர்கள் இருந்தன. சின்னம் கிடையாது, கட்சிப் பெயரும் கிடையாது. ‘மூன்று பேருக்கு வாக்களிக்கவும்’ என்று மேலே ஒரு வரி, அவ்வளவுதான்.

அதுதான் ஸ்கூல் போர்டு தேர்தல்; ஊர்ப் பள்ளிகளை மேற்பார்வையிடும் குழுவுக்கான தேர்தல். பெரிய பதவிகளுக்கெல்லாம் வட்டத்தை நிரப்பி முடித்து, கை ஓய்ந்துபோகும் இடத்தில் இந்தப் பெயர்கள் வரும். பலர் இங்கே வெறுமனே விட்டுவிடுவார்கள். நான் அதைவிட மோசமான காரியம் செய்தேன். குடியுரிமை வாங்கிய பிறகு வந்த முதல் நவம்பரில், பட்டியலில் ஒரே ஒரு பெயர் நம்ம ஊர்ப் பெயர் மாதிரி இருந்தது. ‘நம்ம ஆள்’ என்று அந்த வட்டத்தை மட்டும் நிரப்பிவிட்டு வந்தேன். சின்னம் இல்லாத குறைக்குக் குடும்பப் பெயரையே சின்னமாக்கிக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வசந்தத்தில் எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த பள்ளிப் பேருந்து நின்றுபோனது. நியூஜெர்சி சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை இருக்கும் பிள்ளையின் வீடு பள்ளியிலிருந்து 2 மைலுக்கு மேல் இருந்தால்தான் டிஸ்ட்ரிக்ட், அதாவது ஊர்ப் பள்ளிகளின் நிர்வாகம், பஸ் விட்டாக வேண்டும். உயர்நிலைப் பள்ளி என்றால் 2.5 மைல். அதற்குள் இருப்பவர்களுக்கு விடுவது ‘கர்ட்டஸி’ பஸ்; அதாவது மனமிருந்தால் விடலாம், இல்லையென்றால் நிறுத்தலாம். எங்கள் வீடு 1.9 மைல். ஆறாம் வகுப்புப் பையன் நான்கு வழிச் சாலை ஒன்றைத் தாண்டி நடக்க வேண்டும். போர்டில் 5–4 என்று தீர்மானம் நிறைவேறியது. அந்த ஐந்தில் ஒன்று ‘நம்ம ஆள்’.

கூட்டம் முடிந்ததும் அவரைப் பிடித்துக் கேட்டேன். மனிதர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். டிரைவர் கிடைக்கவில்லை, செலவு கூடிவிட்டது, ஒன்றை விட்டுத்தான் ஒன்றைக் காப்பாற்ற முடியும் என்றார். அப்புறம், “இதை நான் அக்டோபர் ஃபோரத்திலேயே சொன்னேனே, நீங்கள் வந்திருந்தீர்களா?” என்றார். வேட்பாளர்களை மேடையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் அந்தக் கூட்டத்துக்கு நான் எங்கே போனேன்? அன்று இரவே ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தேன். நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். பார்த்ததைக் கட்டம் போட்டு எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் நான் செய்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். விதிகள் நியூஜெர்சிக்குரியவை. வேறு மாநிலத்தில் இருந்தால் தேதியும் எண்ணும் மாறும், வழிமுறை பெரிதாக மாறாது.

முதலில், யார் போடலாம்

அமெரிக்கக் குடிமக்கள் மட்டும். எச்1பி, கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் போடவே கூடாது. வாக்காளர் பட்டியலில் பெயரும் சேர்க்கக் கூடாது. பிராப்பர்ட்டி டாக்ஸ் கட்டுகிறோமே, பிள்ளை அந்தப் பள்ளியில்தானே படிக்கிறது என்ற நியாயமெல்லாம் இங்கே எடுபடாது. தெரியாமல் போட்டாலும் பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தில் அது எழுந்து நிற்கும். நாட்டை விட்டு அனுப்பும் அளவுக்குக்கூடப் போகும். லைசென்ஸ் எடுக்கும் மோட்டார் வாகன அலுவலகத்தில் வாக்காளராகப் பதிவு செய்வது பற்றிக் கேட்கும் இடத்தில் குடிமகன் அல்லாதவர்கள் கவனமாக ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே போகும் பழக்கம் நமக்கு உண்டு.

ஆனால் போர்டு கூட்டத்தில் போய்ப் பேச விசா யாரும் கேட்பதில்லை. பெயரும் ஊரும் சொன்னால் போதும், பெரும்பாலும் மூன்று நிமிடம் கிடைக்கும். பஸ் விஷயத்தில் அன்று பேசியவர்களில் நன்றாகப் பேசியவர் எங்கள் தெருவில் எச்1பியில் இருக்கும் ஒரு அம்மாதான்.

குடிமக்களாக இருப்பவர்கள் தேர்தலுக்கு 21 நாள் முன்னதாகவே பதிவு செய்திருக்க வேண்டும். வீடு மாறியிருந்தால் முகவரியையும் அப்போதே சரிபார்த்துவிடுங்கள். இங்கே பெரும்பாலான டிஸ்ட்ரிக்ட்டுகளில் ஸ்கூல் போர்டு தேர்தல் நவம்பரில், பொதுத் தேர்தலோடு சேர்ந்தே நடக்கும். சில ஊர்களில் இன்னும் ஏப்ரலில் நடக்கிறது. உங்கள் ஊர் எது என்று கவுண்டி கிளார்க் அலுவலகத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

போர்டு என்ன செய்யும், என்ன செய்யாது

வேட்பாளர்களை எடைபோட இது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நடக்கவே முடியாத வாக்குறுதிக்கு மயங்கிவிடுவோம்.

எங்கள் போர்டில் ஒன்பது பேர். பதவிக்காலம் மூன்று வருடம், வருடத்துக்கு மூன்று இடம் தேர்தலுக்கு வரும். சம்பளம் கிடையாது. பட்ஜெட்டை நிறைவேற்றுவது, சூப்பரின்டென்டன்ட்டை நியமிப்பது, கொள்கை வகுப்பது, ஆசிரியர் சங்கத்தோடு ஒப்பந்தம் போடுவது, பள்ளி நாள்காட்டியை ஏற்பது எல்லாம் இவர்கள் கையில். பள்ளியை அன்றாடம் நடத்துவது சூப்பரின்டென்டன்ட். போர்டு உறுப்பினர்களுக்கென்று நியூஜெர்சி சட்டத்தில் ஒரு நன்னடத்தை விதித்தொகுப்பே இருக்கிறது. பள்ளியை நிர்வாகம் செய்வது என் வேலையல்ல, அது நன்றாக நிர்வகிக்கப்படுகிறதா என்று மற்ற உறுப்பினர்களோடு சேர்ந்து பார்ப்பதே என் பொறுப்பு என்ற கருத்து அதில் சட்ட வாசகமாகவே வருகிறது.

ஆகவே “நான் வந்தால் அந்த பிரின்சிபாலைத் தூக்கிவிடுவேன்” என்று ஒருவர் சொன்னால், அவருக்கு வேலை தெரியவில்லை என்று அர்த்தம். சூப்பரின்டென்டன்ட் பரிந்துரைக்காமல் போர்டு ஒரு வாத்தியாரைக்கூட நியமிக்க முடியாது.

நம்மவர்கள் கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்பது இரண்டு: கணக்கில் அடுத்த நிலைக்குப் பிள்ளையைத் தூக்கிப் போடுவது, தீபாவளிக்கு விடுமுறை. இரண்டும் போர்டுக்கு முன் வரக்கூடிய விஷயங்கள்தான். விடுமுறை நாள்காட்டித் தீர்மானத்தில் வரும், கணக்கு பாடத்திட்டக் கொள்கையில் வரும். ஆனால் “தீபாவளிக்கு லீவு தருவேன்” என்ற ஒரே வரியை வைத்து ஓட்டுப் போடாதீர்கள். அதற்குச் சரி என்று சொல்வதில் யாருக்கும் பெரிய செலவில்லை. செலவு இருக்கும் இடத்தில் அவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு நோட்டு

செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிறு மத்தியானம் ஒதுக்குங்கள். முதல் வேலை, உங்கள் வீட்டு பிராப்பர்ட்டி டாக்ஸ் பில்லை எடுத்து வைத்துக்கொள்வது. கவுண்டி, ஊர், பள்ளி என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். எங்கள் மாதிரிப் புறநகர்களில் பாதிக்கு மேல் பள்ளிக்குத்தான் போகிறது. என் கணவருக்கு இந்தத் தேர்தலில் அக்கறை வந்தது அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகுதான். பிள்ளைகள் படித்து முடித்தவர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று அத்தைக்குச் சொல்லிப் புரியவைத்ததும் அதே காகிதம்தான்.

இரண்டாவது, டிஸ்ட்ரிக்ட் தளத்தில் போர்டு கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகள். பழைய பிடிஎஃப்கள் வரிசையாக இருக்கும். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம், படித்தால் பைத்தியம் பிடிக்கும். ‘ரோல் கால்’ என்று வரும் இடங்களை மட்டும் தேடுங்கள். ஒவ்வொரு உறுப்பினர் பெயரையும் கூப்பிட்டு ஆம், இல்லை, விலகல் என்று பதிந்திருப்பார்கள். என் நோட்டில் இடப்பக்கம் ஒன்பது பெயர், மேலே ஆறேழு விஷயம்: பட்ஜெட், சூப்பரின்டென்டன்ட் ஒப்பந்தம், பஸ், நாள்காட்டி, கட்டடக் கடன், வகுப்பு அளவு. கட்டங்களை நிரப்பி முடித்தால், மறுபடி போட்டியிடுபவர் மூன்று வருடமாக என்ன செய்தார் என்பது ஒரே பக்கத்தில் தெரிந்துவிடும். வீட்டு வாசலில் நட்டுவைக்கும் அட்டைகள் இதில் எதையும் சொல்லாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘கன்சென்ட் அஜெண்டா’ என்று ஒன்று வைத்திருப்பார்கள். முப்பது நாற்பது விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டி, ஒரே ரோல் காலில் நிறைவேற்றிவிடுவார்கள். பெரும்பாலானவை சாதாரணம்தான், யாரோ ஓய்வு பெறுகிறார், எங்கோ சுற்றுலா போகிறார்கள். எங்கள் பஸ் விஷயம் முதலில் அந்த மூட்டைக்குள்தான் இருந்தது, போக்குவரத்துத் தலைப்பின் கீழ் இரண்டு வரி. ஒரு உறுப்பினர் கையை உயர்த்தி, அதைத் தனியாக எடுக்க வேண்டும் என்று கேட்டார். அதனால்தான் 5–4 என்ற கணக்கே வெளியே வந்தது. இல்லையென்றால் மொத்தமும் ஒன்பதுக்கு ஒன்பது என்று போயிருக்கும். அப்படித் தனியாக எடுக்கச் சொல்லிக் கேள்வி கேட்பவர் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர் ஓட்டுப் போட்ட பக்கம் உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும், படித்துவிட்டு வருகிறவர் அவர்தான்.

புதிதாக நிற்பவர்களுக்கு இந்த வரலாறு இருக்காது. அவர்களுக்கு வேறு வழி. பொதுமக்கள் பேசும் நேரத்தில் அவர்கள் முன்பு எழுந்து பேசியிருக்கிறார்களா என்று அதே குறிப்புகளில் பெயரைத் தேடிப் பாருங்கள். இரண்டு வருடமாக மாதாமாதம் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தவருக்கும், ஜூலையில் திடீரென்று பொதுநலம் பொங்கியவருக்கும் வித்தியாசம் உண்டு.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்கலாம். மாநிலத்தின் தேர்தல் சட்ட அமலாக்க ஆணையத்தில், ஈலெக் என்பார்கள், வேட்பாளர்கள் கணக்குக் காட்ட வேண்டும். அது அவர்கள் தளத்தில் கிடைக்கும். சின்னச் செலவு செய்கிறவர்கள் ‘வரம்புக்குள்தான் செலவழிப்பேன்’ என்று ஒரு படிவம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் அங்கே ஒன்றும் அகப்படவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டாம்.

கூட்டணி இல்லை, ஆனால் உண்டு

கட்சிப் பெயர் போடக் கூடாதே தவிர, மூன்று பேர் சேர்ந்து ஓர் அணியாக நிற்கலாம். சீட்டில் அவர்களை ஒரு அடைப்புக்குள் சேர்த்து, மூன்று சொல்லுக்கு மிகாமல் ஒரு முழக்கமும் போட்டுக்கொள்ள அனுமதி உண்டு. எல்லா முழக்கமும் ஒரே மாதிரி இருக்கும்: குழந்தைகள், முன்னேற்றம், ஒற்றுமை. குழந்தைகளுக்கு எதிராக யார் நிற்கப் போகிறார்கள்? முழக்கத்தை விட்டுவிட்டு, மூவரையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒருவர் மட்டும் தேறுவார், மற்ற இருவரும் அவர் நிழலில் வருவார்கள் என்பதும் நடக்கும்.

பெயர்களின் வரிசையும் குலுக்கல்தான். கவுண்டி கிளார்க் சீட்டு எடுப்பார். முதலில் வந்த பெயருக்கு அதைத் தவிர வேறு விசேஷம் எதுவும் இல்லை.

வாட்ஸ்அப்பில் தேர்தலுக்கு முந்தைய வாரம் ஒரு பட்டியல் சுற்றும்: ‘இந்த மூவருக்குப் போடுங்கள், நம் சமூகத்துக்கு நல்லது.’ அனுப்புகிறவர் நல்லெண்ணத்தில்தான் அனுப்புகிறார். “இவர்கள் பட்ஜெட்டுக்கு எப்படி ஓட்டுப் போட்டார்கள், அண்ணா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். எங்கள் குழுவில் அன்றைக்கு வந்த அமைதி, அதற்கு முன்பும் பின்பும் வந்ததில்லை.

ஃபோரத்தில் கேட்க வேண்டியவை

அக்டோபரில் லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ் மாதிரி அமைப்புகள் வேட்பாளர்களை ஒரே மேடையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். 1920-இல் தொடங்கிய பழைய அமைப்பு அது, யாரையும் ஆதரிக்காது. அவர்களுடைய வோட்411 தளத்திலும் வேட்பாளர்களின் பதில்கள் சில ஊர்களுக்குக் கிடைக்கும். ஃபோரத்தில் பெரும்பாலும் கேள்வியை அட்டையில் எழுதிக் கொடுக்க வேண்டும். பொறுக்குகிறவருக்கு நீளமான கேள்வி பிடிக்காது, இரண்டு வரிக்குள் எழுதுங்கள்.

நான் எப்போதும் எழுதுவது பட்ஜெட் கேள்விதான். அதற்குப் பின்னணி கொஞ்சம் தெரிய வேண்டும். 2010-இல் வந்த சட்டப்படி நியூஜெர்சியில் பள்ளிக்காக வசூலிக்கும் மொத்த வரியை வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயர்த்த முடியாது; சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் செலவில் பெரும்பகுதி சம்பளமும் மருத்துவக் காப்பீடும். காப்பீடு 2 சதவீதத்தோடு நிற்பதில்லை. வீட்டு வருமானம் இரண்டு ரூபாய் ஏறி, அரிசி விலை எட்டு ரூபாய் ஏறினால் என்ன ஆகும்? எங்கேயாவது கை வைத்தாக வேண்டும். அப்படிக் கை வைக்கும் இடம்தான் கர்ட்டஸி பஸ், நூலகர், இசை வகுப்பு.

ஆகவே என் அட்டையில்: ‘2 சதவீத வரம்புக்குள் பட்ஜெட் இடிக்கிறது. முதலில் எதைக் குறைப்பீர்கள்? எதைக் கடைசிவரை தொட மாட்டீர்கள்?’ எல்லாருமே ‘வீண் செலவைக் குறைப்பேன்’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதற்கு அடுத்த வாக்கியம் வருகிறதா என்று பாருங்கள். ஒரு வருடம் ஒருவர், “விளையாட்டுப் பயணங்களைக் குறைப்பேன், படிப்புக்கு உதவும் ஆசிரியர்களைத் தொட மாட்டேன்” என்று நேராகச் சொன்னார். அரங்கில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். நான் அவருக்குப் போட்டேன். வரி, வகுப்பு அளவு, பஸ், கணக்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சரிசெய்வதாகச் சொன்னவருக்கு நல்ல கைதட்டல்.

இன்னொரு கேள்வி சங்கடமானது, ஆனால் தேவை: ‘உங்கள் வீட்டில் யாராவது பள்ளியிலோ ஆசிரியர் சங்கத்திலோ இருக்கிறார்களா?’ இருப்பது குற்றமில்லை. பள்ளி எப்படி நடக்கிறது என்று அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும். ஆனால் அப்படி உள்ளவர்கள் ஒப்பந்தப் பேச்சுவார்த்தையிலும் அது சார்ந்த ஓட்டிலும் விலகி இருக்க வேண்டிவரும். ஒன்பதில் நாலைந்து பேர் விலகினால் மிச்சமிருப்பவர்கள்தான் அத்தனை கோடியையும் முடிவு செய்வார்கள்.

பட்ஜெட்டைப் படிக்க அகவுண்டன்ட் ஆக வேண்டாம். ‘யூசர் ஃப்ரெண்ட்லி பட்ஜெட்’ என்று ஒரு சுருக்கத்தை ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டும் தன் தளத்தில் போட்டாக வேண்டும். ஒரு மாணவருக்கு ஆகும் செலவு, வரி எவ்வளவு, மாநில உதவி எவ்வளவு என்று இருக்கும். இரண்டு வருடத்துச் சுருக்கத்தைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைத்து, எந்த வரி அதிகமாகக் குதித்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள். அதை ஃபோரத்தில் கேட்டால் வேட்பாளர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மூன்று வட்டம் இருந்தால் மூன்றையும் நிரப்ப வேண்டுமா?

வேண்டாம். இதைத்தான் அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ‘மூன்று பேருக்கு’ என்றால் மூன்று வரை. ஒருவருக்கு மட்டும் போட்டாலும் அது செல்லும். நான்கு பேருக்குப் போட்டால்தான் அந்தப் பகுதி மொத்தமும் செல்லாமல் போகும். மற்ற பதவிகளுக்குப் போட்டது அப்படியே இருக்கும்.

ஒருவருக்கு மட்டும் போடுவதில் ஒரு கணக்கும் உண்டு. நீங்கள் விரும்பும் ஆள் மூன்றாவது இடத்துக்கும் நான்காவது இடத்துக்கும் நடுவில் ஊசலாடுகிறார் என்று வையுங்கள். ‘வட்டம் காலியாக இருக்கிறதே’ என்று இன்னும் இரண்டு தெரியாத பெயர்களுக்குப் போட்டால், அதில் ஒருவர் உங்கள் ஓட்டாலேயே உங்கள் ஆளை முந்திப் போகலாம். மூன்று பேரையும் உண்மையிலேயே பிடித்தால் மூவருக்கும் போடுங்கள். மரியாதைக்காக ஓட்டுப் போடாதீர்கள். அத்தைக்கு இதை ஏற்கவே முடியவில்லை. “மூணு எலையப் போட்டுட்டு ஒண்ணுல மட்டும் சோறு வச்ச மாதிரில்லம்மா இருக்கு?” என்றார்.

இன்னொன்று. சில வருடம் யாராவது நடுவில் விலகியிருப்பார்கள். அந்த இடத்துக்கு மீதமுள்ள காலத்துக்கு மட்டும் தனியாகத் தேர்தல் நடக்கும். அது வேறு கட்டமாக, ‘முடியாத பதவிக்காலம்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் போட்டிருக்கும். மேலே போட்டதுதானே மறுபடி வந்திருக்கிறது என்று தாண்டிப் போய்விடாதீர்கள்.

தபாலில் போடுகிறவர்கள் கவனத்துக்கு

தபால் ஓட்டில் ஓர் உள் உறையும் வெளி உறையும் வரும். உள் உறையோடு ஒரு சான்றிதழ் மடல் ஒட்டியே இருக்கும். அதில் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதைக் கிழிக்கக் கூடாது. அத்தை நாற்பது வருடம் பிள்ளைகளின் நோட்டுக்கு ஓரம் மடித்து ஓரம் கிழித்த கை. கையெழுத்துப் போட்டுவிட்டு, மடலை நேராக மடித்து, நகத்தால் அழுத்தி, ஸ்கேலை வைத்துக் கிழிக்கப் போனார். அடுப்படியிலிருந்து ஓடிவந்து பிடித்தேன். “வாலு மாதிரி தொங்குதேம்மா” என்றார். அந்த வால் இல்லாவிட்டால் ஓட்டை நிராகரித்துவிடுவார்கள்.

யாராவது நிரப்ப உதவினால், உதவியவர் பெயரும் கையெழுத்தும் அதற்கான இடத்தில் வர வேண்டும். நிரப்பிய உறையைத் தபாலில் போடலாம். தேர்தல் நாள் இரவு எட்டு மணிக்குள் கவுண்டியின் டிராப் பாக்ஸிலும் போடலாம். ஆனால் வாக்குச்சாவடியில் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்க மாட்டார்கள்.

கையெழுத்து வாக்காளர் பதிவில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். அத்தை பதிவு செய்தபோது தமிழில், அழகாகச் சேர்த்து எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். தபால் உறை முழுக்க ஆங்கிலமாக இருந்ததால், அதில் மட்டும் ஆங்கிலத்தில், எழுத்து எழுத்தாகப் போட்டுவிட்டார். நானும் கவனிக்கவில்லை. சில நாளில் தேர்தல் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது, கையெழுத்து பொருந்தவில்லை என்று. இப்படி வந்தால் பயப்பட வேண்டாம், தூக்கிப் போடவும் வேண்டாம். கூடவே வரும் படிவத்தைப் பூர்த்தி செய்து, கடிதத்தில் உள்ள தேதிக்குள் திருப்பி அனுப்பினால் ஓட்டு எண்ணப்படும். அத்தை இந்த முறை தமிழில் போட்டார். மாநிலத் தளத்தில் வாக்குச்சீட்டின் நிலையைப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஏற்கப்பட்டது என்று வரும்வரை தினமும் காலை காபிக்கு முன் என்னைப் பார்க்கச் சொன்னார்.

“அடுத்த வருஷம் நேர்லயே போயிடலாம்மா” என்று முடிவாகச் சொல்லிவிட்டார். அதிலும் ஒரு வேலை இருக்கிறது. தபால் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும்போது சாவடிக்குப் போனால் மெஷினில் போட விட மாட்டார்கள். தற்காலிகச் சீட்டு ஒன்றைக் கொடுத்து, பிறகு சரிபார்த்து எண்ணுவார்கள். எனவே தபால் ஓட்டு வேண்டாம் என்று கவுண்டி கிளார்க்குக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிட்டோம். 2021 முதல் இங்கே தேர்தலுக்கு முன் ஒன்பது நாள் நேரில் போடும் வசதியும் இருக்கிறது. கவுண்டிக்குள் எந்த முன்வாக்கு மையத்துக்கும் போகலாம். ஆங்கிலம் படிக்கச் சிரமப்படுகிறவர்கள் தங்களுக்கு நம்பிக்கையான ஒருவரை உள்ளே கூட்டிப்போக மத்திய வாக்குரிமைச் சட்டம் இடம் தருகிறது. வேலை கொடுப்பவரும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் மட்டும் கூடாது. மருமகள் கூடும்.

சனிக்கிழமை காலை போனோம். டேப்லெட்டில் அத்தை தமிழில் கையெழுத்திட்டார், பொருந்தியது. ஒன்பது நிமிடம் எடுத்துக்கொண்டு, நோட்டில் என்னோடு சேர்ந்து குறித்துவைத்திருந்த இரண்டே பெயர்களுக்குப் போட்டார். வெளியே வரும்போது, மேசையில் இருந்த பெண்மணியிடம் இடது கையை நீட்டி விரலைக் காட்டினார். அவர் புரியாமல் என்னைப் பார்த்தார்.

“இங்க மை கிடையாது அத்தை, ஸ்டிக்கர்தான் தருவாங்க.”

வாங்கி, புடவையில் ஒட்டினால் கறையாகும் என்று சொல்லிவிட்டு, பிரஷர் மாத்திரை டப்பா மூடியில் ஒட்டிக்கொண்டார்.